கம்பத்துப் பாட்டின் சொந்தக்காரர்கள்

மாத்தளையில் எனக்கு ஒரு சின்ன அச்சுக்கூடம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடைக்காரர்களுக்குப் பில் புத்தகம், இவைதான் என் சோறு. போன வருஷம் எங்கள் ஊர் பஜனை கோஷ்டியார் வந்து, தேயிலைத் தோட்டங்களில் ஜனங்கள் பாடுகிற சாமி பாட்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு சிறு புத்தகம் போட்டுத் தரச் சொன்னார்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ஆக்கியோன் பெயர் போட வேண்டும் என்பது என் பிடிவாதம். பெயர் இல்லாமல் பாட்டு அச்சேறினால் எனக்குப் பல்லில் கீரை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிட்டது, ஒன்றைத் தவிர.

அது மாரியம்மன் பேரில் எட்டே வரி. தோட்டத்துக் கூலிக் குடியிருப்பு வரிசையை லயம் என்போம். மேல் லயத்து ஆண்கள் நாலு வரியைப் பாடுவார்கள். அவர்கள் கடைசித் 'தாயே'யை இழுத்து முடிப்பதற்குள் கீழ் லயத்து ஆண்கள் அடுத்த நாலு வரியைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு குரலும் ஒரு கணம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். யார் கட்டியது என்று கேட்டால், "அது எங்க ஊருப் பாட்டுங்க, சேலத்துப் பக்கம்" என்று ஓர் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது.

சென்னைப் பட்டணத்தில் புது அச்செழுத்து வாங்க வேண்டியிருந்தது. வாங்கிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, கையோடு அந்த ஊரையும் பார்த்துவிடலாம், ஒரு நாள் வேலைதானே என்று சேலத்துக்கு வந்து சேர்ந்தேன். என்னைப் போல் அவசரக்காரன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

சேலத்தில் ஏறிய பஸ் ஆட்டையாம்பட்டி போகும் என்றார்கள். போகும், ஆனால் எப்போது என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே நெசவுக்காரர்களின் நூல் மூட்டை, இரண்டு ஆட்டுக்குட்டி, அவற்றுக்கு நடுவில் நான். பாதி வழியில் எஞ்சின் கொதித்துப் புகை விட்டது. கண்டக்டர் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு சாலையோரக் கிணற்றுக்கு ஓடினார். அங்கே ஒருவர் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். "சால் மேல வரட்டும், இருங்க" என்று அவர் சாவகாசமாகச் சொல்ல, பஸ் முழுக்க இறங்கி அந்தத் தோல் சாலுக்காகக் காத்து நின்றோம். வந்த தண்ணீரில் முக்கால்வாசி சேறு.

எங்கள் மலைநாட்டில் வருஷத்தில் பாதி நாள் குடையை மடக்க முடியாது. இங்கே பங்குனி மாதத்துக் காடு காய்ந்து, மண் வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "மேட்டூரில் புதிதாக அணை கட்டியிருக்கிறார்களாமே?" என்றேன்.

"கட்டியாச்சுங்க. தண்ணி தஞ்சாவூருக்குப் போவுதுங்க. நமக்கு அணையப் பாக்கற பாக்கியம்" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆட்டையாம்பட்டியில் வண்டி பிடித்து அந்த ஊருக்குப் போய் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு பெண்ணுக்குச் சங்கடம், காரணம் பின்னால் வரும். திருச்செங்கோட்டு மலை தூரத்தில் தெரிகிற ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் இரண்டு வளவு. வளவு என்றால் ஒரே கூட்டத்தார் சேர்ந்து வாழ்கிற வீடுகள். மேல்வளவுக்காரர்களும் கீழ்வளவுக்காரர்களும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் முறை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இவர்களுக்குள்தான் பெரும்பாலும். நடுவில் மாரியம்மன் கோயில்.

நான் போன நேரம் கோயில் முன்னால் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. மூன்று கிளை விட்ட மரத்துண்டு ஒன்றுக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, குழியில் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் கம்பம், அம்மனுக்குப் புருஷன் என்று சொன்னார்கள். நானும் ஆவலாக முன்வரிசையில் நின்று பார்த்தேன். அந்த ஆவல்தான் எனக்கு வினையாகப் போயிற்று.

மேல்வளவுப் பெரியவர் செங்கோடக் கவுண்டர் என்னைத் தம் வீட்டுக்குக் கூட்டிப் போனார். உயரமான மனிதர், பேச்சும் உரத்த குரலில்தான். "கண்டிச் சீமையிலிருந்து எங்க பாட்டத் தேடிக்கிட்டு வந்தீங்களா? வாங்க சாமி, உக்காருங்க" என்று கட்டிலில் உட்கார வைத்தார். காலையில் எழுந்து பையை எடுத்ததும், "எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்றார்.

"நாமக்கல் போய்விட்டு அப்படியே திருச்சி."

"அதெப்படிங்க முடியும்? கம்பம் நட்டப்ப ஊருக்குள்ள இருந்தீங்களே. கம்பம் புடுங்கற வரைக்கும் பகல்ல எங்க வேணும்னாலும் போலாமுங்க. பொழுது உளுகறதுக்குள்ள ஊருக்கு வந்தரோணும். வெளியூருல ராத்திரி தங்கினா ஆத்தா பொறுக்க மாட்டா."

"நான் வெளியூர்க்காரன் ஐயா."

"ஆத்தாளுக்கு அதெல்லாங் கெடையாதுங்க. நட்டப்ப யாரு நின்னாங்கன்னுதான் அவ பாப்பா."

கம்பம் பிடுங்க இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீறிப் போகலாம்தான். போனால் இந்த ஊருக்கு அம்மையோ மாட்டு நோவோ எது வந்தாலும் என் தலையில்தான் விடியும். தவிர, பாட்டை இரண்டு வளவு ஆண்களும் சேர்ந்து பாடுவதே கம்பம் பிடுங்குகிற அன்றைக்குத்தானாம். இருந்து கேட்டுவிட்டே போவது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பம் நின்றால் எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. கடுகு வெடிக்கிற சத்தம் அம்மனுக்கு ஆகாது. கம்பு இடித்துச் செய்த கம்பஞ்சோறு, கடைந்த கொள்ளு, புளியைக் கரைத்து வெங்காயம் நசுக்கிப் போட்ட பச்சை ரசம், தயிர். முதல் நாள் எனக்கு அழுகையே வந்தது. தேங்காய்ச் சொதியில் வளர்ந்த நாக்கு அல்லவா? மூன்றாம் நாள் கம்பஞ்சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து இரண்டாம் முறை கேட்டேன். செங்கோடக் கவுண்டரின் மனைவி நல்லாயி, "கண்டிக்காரரு தேறிட்டாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். தேத்தண்ணீர் இல்லாததுதான் தாங்க முடியவில்லை. தேயிலை விளைகிற நாட்டிலிருந்து வந்தவன், ஒரு வாய்த் தேத்தண்ணீருக்கு வழியில்லாமல் வெல்லக் காப்பி குடித்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது என்பதை வீட்டில் சொல்லவில்லை.

பகலில் ஊர் சுற்றினேன். நாமக்கல்லில் வானத்தைப் பார்க்க நிற்கிற ஆஞ்சநேயரைப் பார்த்தேன். ஆட்டையாம்பட்டியில் எண்ணெயில் பொரித்த கை முறுக்கு வாங்கி, ஊர் எல்லைக்கு வெளியிலேயே தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். விளக்கேற்றுவதற்குள் வந்து சேர்ந்தால் நல்லாயி என்னைப் பார்த்துத் தலையை எண்ணுவதுபோல விரலை மடக்குவார்.

திருச்செங்கோடு போன நாள்தான் வம்பாகிவிட்டது. மலையேறி அர்த்தநாரீசுவரரைத் தரிசித்தேன். பாதி ஆண், பாதி பெண், இரண்டும் ஒரே மேனி. அந்தச் சன்னிதியில் எனக்கு நிம்மதியாக இருந்தது, கால் வலியையும் மறந்தேன். திரும்பும்போது பஸ்ஸின் டயர் வெடித்தது. டிரைவர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "இன்னைக்குப் போவாதுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பொழுதோ இறங்குகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன், கொஞ்சம் ஓடவும் செய்தேன். கடைசியில் நிலக்கடலை மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று வந்தது.

வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, நீங்கதானுங்களா அந்தப் பாட்டுக்காரரு?"

"ஆமாம், உமக்கு எப்படித் தெரியும்?"

"நாலு ஊருக்குத் தெரியுமுங்க. பாட்டக் கட்டுனது மேல்வளவுச் செங்கோடக் கவுண்டரு பாட்டன்னு புஸ்தகத்துல போடப் போறீங்களாமா. கீழ்வளவுல கொதிச்சுப் போயி இருக்கறாங்க."

எனக்குப் பகீர் என்றது. முதல் நாள் செங்கோடக் கவுண்டர் தம் பாட்டனார் கதையைச் சொன்னதும் நான் தலையாட்டியது வாஸ்தவம். பஞ்ச காலத்தில் அந்தப் பாட்டனார் கம்பத்தடியில் அன்ன ஆகாரம் இல்லாமல் கிடந்து, காடு காய்ந்ததைச் சொல்லிப் பாடினாராம். அச்சுக்கூடத்துக்காரன் தலையாட்டினால் இவர்கள் அதை அச்சானதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஊருக்குள் வந்து விழுந்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கீழ்வளவுக்குப் போனேன். அங்கே பெரியவர் குமாரசாமிக் கவுண்டர். ஒல்லியான ஆள், குரல் உயராது, ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். மோர் கொடுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார்.

"என்ற பாட்டனாருக்கு அம்மை போட்டுக் கண்ணு ரெண்டும் போச்சுங்க. கம்பத்தப் புடிச்சுக்கிட்டு, 'கண்ணு மலர்ந்து பாரோணும்'னு அவரு பாடுனாரு. கண்ணு வந்திருச்சு. அந்தப் பாட்டுக்கு இன்னொருத்தன் பேரப் போட்டா நாங்க பாடமாட்டமுங்க."

"நீங்கள் பாடாவிட்டால்?"

"கம்பம் நிக்குமுங்க. ரெண்டு வளவும் பாடித்தான் கம்பத்தப் புடுங்கோணும். அது இந்த ஊருக் கட்டு."

கம்பம் நின்றால் ஊரில் தாளிப்பு இல்லை, கல்யாணம் இல்லை, வெளியூர்த் தங்கல் இல்லை. நான் ஜன்ம ஜன்மத்துக்கும் மாத்தளை போய்ச் சேரப் போவதில்லை என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சித்திரை பொறந்ததும் என்ற பையனுக்கும் செங்கோடன் மகளுக்கும் கண்ணாலமுங்க. பாட்டுல எங்களுக்குப் பங்கில்லைங்கற ஊட்டுல பொண்ணெடுத்து நா என்ன பண்றது?" என்றார்.

பற்ற வைத்தவன் நான். திரும்பி வரும்போது என் காலே எனக்குப் பாரமாக இருந்தது.

செங்கோடக் கவுண்டரின் மகள் பெயர் பாவாயி. அப்பாவின் உயரம், அம்மாவின் வாய். அதுவரை மாட்டுக் கட்டுத்தறிக்கும் வீட்டுக்குமாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போகிற பெண், அன்று வாய் திறக்கவில்லை. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது என்று நல்லாயி சொல்லித்தான் தெரியும். "சின்னதுலருந்தே அவனத்தான் கட்டுவேன்னு நிப்பாளுங்க. இப்பப் பாருங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் விடியற்காலையில் எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. கம்பத்துக்குத் தினமும் காலையில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிக்கப் போன நான் கோயில் பக்கமாகத் திரும்பினால், நல்லாயி குடத்தைச் சாய்த்தபடி அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். பாதியை அல்ல, எட்டு வரியையும்.

கம்பத்தைச் சுத்தி வந்தோம் தாயே
காடெல்லாம் காஞ்சு கெடக்கு தாயே
கெணத்துல தவளையும் கத்தலை தாயே
கேக்க ஒரு நாதியில்லே தாயே

நாதியத்த சனம் நாங்க தாயே
நாலு துளி போதுமடி தாயே
கண்ணு மலர்ந்து பாரோணும் தாயே
காஞ்ச காடு நனையோணும் தாயே

"அம்மா, நீங்கள் மேல்வளவு ஆயிற்றே. பின் நாலு வரி கீழ்வளவுடையது அல்லவா?" என்றேன்.

"நா பொறந்தது கீழ்வளவுங்க. அந்தப் பாதி பொறந்த ஊட்டுது, இந்தப் பாதி புகுந்த ஊட்டுது. இங்க இருக்கற பொம்பளைக எல்லாத்துக்கும் முழுசுந் தெரியுமுங்க. ஆம்பளைகளுக்கு அவங்கவங்க பாதி போதும்."

"அப்படியானால் இதைக் கட்டியது யார்?"

"ஆரு கண்டாங்க. இக்கட்டாலருந்து அக்கட்டால வாக்கப்பட்டுப் போனவ எவளாச்சும் கட்டியிருப்பா" என்று சொல்லிவிட்டு, அடுத்த குடத்துக்குப் போய்விட்டார். காய்கறி விலை சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு ஒரே உற்சாகம். முன் பாதியின் இரண்டாம் வரியிலேயே காய்ந்த காடு வருகிறது, பின் பாதி அதே காய்ந்த காட்டில் வந்து முடிகிறது. இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டினால் இப்படி அமையாது. ஒரே வாயில் வந்த பாட்டுதான் இது. அன்று பகலிலேயே கோயில் மைதானத்தில் இரண்டு பெரியவர்களையும் உட்கார வைத்து இதை விளக்கினேன். ஒரே ஆள் கட்டியது என்று தெரிந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். அச்சுக்கோத்துக் கோத்து என் மூளையும் கோணிப்போயிருக்க வேண்டும்.

செங்கோடக் கவுண்டர் தொடையைத் தட்டினார். "அப்பிடிச் சொல்லுங்க. அப்ப முழுசும் என்ற பாட்டன் கட்டுனதுதான்."

குமாரசாமிக் கவுண்டர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "முழுசும் என்ற பாட்டன் கட்டுனது. பாதிய உங்களுக்குப் பாடறதுக்கு உட்டுக் குடுத்தாரு. அதுதான் தப்பாப் போச்சு."

முன்பு பாதிக்குச் சண்டை போட்டவர்கள், இப்போது முழுசுக்கும் போட்டார்கள். பெண்களில் யாராவது கட்டியிருக்கலாமே என்று மெல்ல எடுத்துவிட்டேன். இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் பாவாயி என்னிடம் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. நேரே கேட்டாள். "ஏனுங்க, பேரு போட்டே ஆகோணுமுங்களா?"

"போடுவதுதான் முறை, அம்மா. கட்டியவருக்கு மரியாதை."

"எங்கய்யன் பக்கத்துப் பேரப் போட்டீங்கன்னா, நா அக்கட்டால போனதுக்கப்பறம் அந்தப் பாட்ட எந்த வாயில பாடறது? அவங்க பேரப் போட்டீங்கன்னா இத்தன வருசம் நா பாடுனது ஆரு பாட்டுங்க?"

இருபது வருஷமாக எழுத்துக் கோக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "கல்யாணம் நிற்காது, கவலைப்படாதே" என்று பொதுவாகச் சொன்னேன். "நீங்க சொல்லிட்டாப் போதுங்களா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதில் பிழை இல்லை.

ஊருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. மனிதர்களால் தீராத வழக்கை அம்மனிடம் பூக் கேட்டுத் தீர்ப்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டு, விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கோயில் பூசை செய்கிற பண்டாரம் இதைச் சொன்னதும் இரண்டு பெரியவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வெள்ளை வந்தால் மேல்வளவு, சிவப்பு வந்தால் கீழ்வளவு. வருகிற பெயரை நான் அச்சுப் போட வேண்டும், தோற்றவர்கள் மறு பேச்சில்லாமல் பாட வேண்டும். கம்பம் பிடுங்குகிற நாள் காலையில் பூக் கேட்பது என்று முடிவாயிற்று.

மறு பேச்சில்லாமல் பாடுவார்கள்தான். ஆனால் குமாரசாமிக் கவுண்டர் தோற்றால் அந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குக் காலம் முழுக்கச் சொல் விழும். செங்கோடக் கவுண்டர் தோற்றால் மகளுக்குத் தாய்வீட்டு வாசல் கசக்கும். யார் ஜெயித்தாலும் அடி பாவாயிக்குத்தான்.

பூப் பறித்துக் கட்டித் தருவது கன்னிப் பெண்ணின் வேலை. பண்டாரம் பாவாயியைத்தான் சொல்லியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் வேண்டியவள் என்று யாரும் மறுக்கவில்லை. பூக் கேட்கிற அன்று காலை நான் பல் விளக்கிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனபோது, அரளிச் செடிக்குப் பின்னால் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும். ஓர் இலையில் வெள்ளையும் சிவப்பும் சேர்த்து வைத்துக் கட்டினாள். அடுத்த இலையிலும் வெள்ளையும் சிவப்பும் சேர்த்து வைத்தாள். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்த இலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"பாத்துட்டீங்களா?" என்றாள்.

"மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அது இல்லாவிட்டால் எனக்கு மாடு எது, மரம் எது என்றே தெரியாது."

அவள் சிரிக்க முயன்றாள், சிரிப்பு வரவில்லை. "ஆத்தாளுக்குத் தெரியாமயா பண்றேன்? அவளுக்குப் புடிக்கலைன்னா கொளந்த கையே நீட்டாதுங்க" என்று நாரை இறுக்கி முடிந்தாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். நானும் அந்த நிமிஷம் நம்பினேன்.

கோயிலில் ஊரே கூடியிருந்தது. பண்டாரம் கற்பூரம் காட்டி இரண்டு பொட்டலத்தையும் போட்டார். வண்ணார் வீட்டுச் சின்னப் பெண் குழந்தை ஒன்றை இறக்கிவிட்டார்கள். அது பொட்டலங்களைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது, விரலை வாயில் போட்டுக்கொண்டது. பாவாயியின் முகம் வெளுத்துவிட்டது. குழந்தை கை நீட்டவே இல்லை. அதன் தாய் "எடு சாமி, எடு" என்று தூரத்திலிருந்து கெஞ்சினாள். பிறகு குழந்தை நின்று நிதானமாக ஒன்றை எடுத்துப் பண்டாரத்தின் கையில் கொடுத்தது.

பண்டாரம் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகக் கிடந்தன. மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதிலும் அப்படியே.

செங்கோடக் கவுண்டர் மகளைப் பார்த்தார். குமாரசாமிக் கவுண்டரும் வரப்போகிற மருமகளைத்தான் பார்த்தார். இருவருக்கும் விளங்காமல் போயிருக்குமா? ஆனால் அம்மன் காலடியிலிருந்து எடுத்த பூவைப் பொய் என்று சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது. சொன்னால் அந்தப் பெண்ணைச் சபையில் நிறுத்த வேண்டும், அதற்கு இருவருக்குமே மனசில்லை. பண்டாரம் தொண்டையைச் செருமினார். "ஆத்தா ரெண்டு வளவையும் பாடச் சொல்லிக் கேக்கறாளுங்க."

"கேட்டாப் பாடித்தான் ஆகோணும்" என்றார் குமாரசாமிக் கவுண்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "புஸ்தகத்துல என்ன போடுவீங்க?" என்றார்.

"ஒன்றும் போடமாட்டேன் ஐயா."

அவர் செங்கோடக் கவுண்டரைப் பார்த்தார். செங்கோடக் கவுண்டர், "அதுவும் சரிதான் மச்சான். அவன் பேரு இவன் பேருன்னு போட்டு எடத்த அடைக்கறதுக்குப் பதிலா, சும்மா உடட்டும்" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் 'மச்சான்' என்று கூப்பிட்டதை எல்லாரும் கவனித்தார்கள். புத்தகம் இப்போது வெளிவந்துவிட்டது. அந்தப் பாட்டின் தலையில் வெற்றிடம்தான். கோஷ்டியார் அச்சுப்பிழை என்று நினைத்துச் சண்டைக்கு வந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

சாயங்காலம் கம்பம் பிடுங்க நின்றார்கள். மேற்கே மேல்வளவு ஆண்கள், கிழக்கே கீழ்வளவு ஆண்கள், பெண்கள் அவரவர் ஆண்களுக்குப் பின்னால். காலையில் குடம் சாய்க்கும்போது பெண்கள் பாடலாம். இந்த நேரத்தில் ஆண்கள்தான் பாட வேண்டும், பெண்கள் குரல் எடுக்கக் கூடாது. மேளம் நின்றது. செங்கோடக் கவுண்டர் 'கம்பத்தைச் சுத்தி வந்தோம்' என்று எடுத்தார். மாத்தளையில் நான் கேட்டது பொடிக் குரல். இங்கே அது நெஞ்சில் வந்து அடித்தது. 'நாதியில்லே தாயே' என்று அவர்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் 'நாதியத்த சனம்' என்று ஏறியது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

நான் பாவாயியைத் தேடினேன். மேல்வளவுப் பெண்களின் நடுவில் நின்றாள். முதல் நாலு வரிக்கும் மற்றப் பெண்களைப் போலவே அவள் உதடும் சத்தமில்லாமல் அசைந்தது. எதிர்ப்பக்கம் பாட்டை வாங்கிக்கொண்டதும் மற்றப் பெண்களின் உதடுகள் ஓய்ந்தன. அவளுடையது ஓயவில்லை. குமாரசாமிக் கவுண்டர் பாடிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. கடைசி வரியை, மருமகளுக்கு எடுத்துக் கொடுப்பவரைப் போல, அவளை நோக்கியே பாடினார். 'காஞ்ச காடு நனையோணும் தாயே' என்று முடிக்கும்போது அத்தனை ஆண்குரலுக்கும் நடுவில் ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

செங்கோடக் கவுண்டர் திரும்பி மகளைப் பார்த்தார். கம்பத்தில் கையை வைத்து, "என்னடா பாத்துக்கிட்டு நிக்கறீங்க, புடுங்குங்க" என்றார்.